தாமஸ் ஸ்டீவன்ஸ்

தாமஸ் ஸ்டீவன்ஸ் (டிசம்பர் 24, 1854 – ஜனவரி 24, 1935) மிதிவண்டியில் உலகைச் சுற்றி வந்த முதல் மனிதராகக் கருதப்படும் பயணியும் எழுத்தாளரும் ஆவார். இங்கிலாந்தில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் குடியேறிய இவர், ஏப்ரல் 22, 1884 அன்று சான் பிரான்சிஸ்கோவில் இருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டு, டிசம்பர் 17, 1886 அன்று ஜப்பானின் யோக்கோஹாமா நகரில் தமது மிதிவண்டிப் பயணத்தை முடித்தார். முன்சக்கரம் பெரிதாகவும் பின்சக்கரம் மிகச் சிறிதாகவும் அமைந்த பழைய வகை மிதிவண்டியிலேயே இப்பயணம் முழுவதும் நிகழ்ந்தது. சியெரா நெவாடா மலைகள், நெவாடா பாலைநிலம், அனத்தோலியப் பீடபூமி, பாரசீகத்தின் கொராசான் பகுதி, ஆப்கானிஸ்தான் எல்லையில் உள்ள பாலைவனம் ஆகியவற்றை இவர் பெரும்பாலும் துணையின்றியே கடந்தார்.

இவரை உலகைச் சுற்றிய முதல் மிதிவண்டி வீரர் என்று ஐயமின்றிக் கூறலாமா என்பது குறித்து இருவேறு கருத்துக்கள் கொள்ள இடமுண்டு. ஆப்கானிஸ்தானில் இவர் தடுத்து நிறுத்தப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டதால், பாரசீகத்துக்கும் இந்தியாவுக்கும் இடையே இவரது தடம் தொடர்ச்சியற்றுப் போனது. அந்த இடைவெளி எவ்வாறு நேர்ந்தது என்பது கீழே விரிவாகக் கூறப்பட்டுள்ளது.

இளமைக் காலம்

ஸ்டீவன்ஸ் இங்கிலாந்தின் ஹார்ட்போர்டுஷயர் மாவட்டத்தில் உள்ள பெர்காம்ஸ்டெட் என்னும் ஊரில் பிறந்தார். 1871ல் அமெரிக்காவுக்குச் சென்றார். வயோமிங்கில் இருப்புப்பாதை சார்ந்த ஆலை ஒன்றிலும், பின்னர் கொலராடோவில் சுரங்கம் ஒன்றிலும் வேலை செய்தார். மிதிவண்டியில் அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்காகக் கடக்கும் எண்ணம் சுரங்கத்தில் வேலை செய்த காலத்தில்தான் இவருக்கு உருவானது. செல்வமோ, புரவலரோ, விளையாட்டு வீரர் என்ற பெயரோ இவருக்கு அப்போது இல்லை. பிற்காலத்தில் மிதிவண்டிக் கழகங்கள் இவரைக் கொண்டாடியபோது இவ்வுண்மை பெரும்பாலும் மறக்கப்பட்டது.

மிதிவண்டியும் சுமையும்

ஸ்டீவன்ஸ் பயன்படுத்திய வண்டி போப் நிறுவனம் தயாரித்த கொலம்பியா வகை மிதிவண்டியாகும். கறுப்பு எனாமல் பூசிய உடலும் நிக்கல் முலாம் பூசிய சக்கரங்களும் கொண்டது. முன்சக்கரத்தின் விட்டம் 50 அங்குலம், அதாவது 127 செ.மீ. இவ்வகை வண்டிகள் இங்கிலாந்தின் பெரிய, சிறிய நாணயங்கள் இரண்டை அருகருகே வைத்தது போலத் தோன்றியதால் பென்னி-ஃபார்த்திங் என்ற பெயரைப் பெற்றன.

இப்பயணத்தின் கடினத்தைப் புரிந்துகொள்ள, இந்த எந்திரத்தின் அமைப்பை அறிவது அவசியம். இதில் சங்கிலியும் இல்லை, பற்சக்கரமும் இல்லை. மிதிகள் முன்சக்கரத்தின் அச்சிலேயே நேரடியாகப் பொருத்தப்பட்டிருந்தன. மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றே சுற்றும். 50 அங்குலச் சக்கரத்தில் இது ஏறத்தாழ 4 மீட்டர் தூரம். சமதளத்தில் இந்த விகிதம் பொருத்தமானது. ஏற்றத்தில் இதைக் குறைக்க வழி இல்லை. இறக்கத்தில் மிதியைச் சும்மா விட்டுவிடவும் இயலாது, சக்கரம் சுழலும் வரை மிதியும் சுழன்றுகொண்டே இருக்கும். பற்சக்கரங்களை மாற்றி மலையேறும் இன்றைய ஓட்டுநர்களுக்கு இருக்கும் வசதியில் ஒன்றுகூட இதில் கிடையாது.

மற்றொரு குறை ஆபத்தானது. ஓட்டுபவர் ஏறத்தாழ முன் அச்சுக்கு நேர் மேலே, தரையிலிருந்து ஆளுயரத்துக்குச் சற்றே குறைவான இடத்தில் அமர்ந்திருப்பார். முன்சக்கரம் கல்லிலோ மணலிலோ சிக்கி நின்றால், உடல் கைப்பிடிக்கு மேலாகத் தலைகீழாக முன்னே எறியப்படும். இதன் காரணமாகவே கரடுமுரடான இறக்கங்களில் ஸ்டீவன்ஸ் இறங்கி நடக்க நேர்ந்தது. காற்றடைத்த சக்கரங்களும் அப்போது இல்லை. இரும்பு வளையத்தின் மீது கெட்டியான ரப்பர் பட்டை ஒட்டப்பட்டிருந்தது. பாதையின் ஒவ்வொரு கல்லும் உடலில் உணரப்பட்டது.

கைப்பிடியில் கட்டிய சிறு பையில் இவர் எடுத்துச் சென்றவை மிகச் சில: காலுறைகள், மாற்றுச் சட்டை ஒன்று, மழையங்கி ஒன்று, கைத்துப்பாக்கி ஒன்று. மழையங்கியே இரவில் கூடாரமாகவும் படுக்கையாகவும் பயன்பட்டது. இன்று பைக்பேக்கிங் என்று அழைக்கப்படும் முறை, அதாவது சுமைதாங்கிச் சட்டங்கள் இல்லாமல் வண்டியோடு பைகளை இறுகக் கட்டிக்கொண்டு குறைந்த சுமையுடன் சாலையற்ற நிலத்தில் செல்லும் முறை, இதிலிருந்து அடிப்படையில் வேறானதல்ல. எனினும் ஸ்டீவன்ஸ் இதைத் தேர்ந்தெடுத்தார் என்று கூறுவதைவிட, அந்த வண்டியில் அதற்கு மேல் எதையும் ஏற்ற முடியாது என்பதே பொருத்தம்.

அமெரிக்கக் கண்டத்தைக் கடத்தல் (1884)

சான் பிரான்சிஸ்கோவில் இருந்து புறப்பட்ட சில நாட்களிலேயே சியெரா நெவாடா மலைத்தொடர் குறுக்கிட்டது. ஏப்ரல் மாத இறுதியிலும் கணவாய்களில் பனி உருகியிருக்கவில்லை. மத்திய பசிபிக் இருப்புப்பாதையைப் பனிச்சரிவில் இருந்து காப்பதற்காகப் பல மைல் நீளத்துக்கு மரத்தாலான கொட்டகைகள் அமைக்கப்பட்டிருந்தன. ஸ்டீவன்ஸ் இந்த இருண்ட கொட்டகைகளுக்குள் தண்டவாளத்தின் ஓரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். தொடர்வண்டி வரும் ஓசை கேட்கும்போதெல்லாம் வண்டியுடன் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியிருந்தது.

மலைக்கு அப்பால் நெவாடா பாலைநிலம். கலிபோர்னியாவுக்கு மாட்டு வண்டிகளில் வந்த முந்தைய தலைமுறைக் குடியேறிகள் அஞ்சிய நாற்பது மைல் பாலைவனம் இப்பகுதியில்தான் உள்ளது. காரமண் படிந்து இறுகிய சமவெளிகளில் வண்டி நன்றாக ஓடியது. மணற்பாங்கான இடங்களில் ஓடவே இல்லை. அங்கெல்லாம் இருப்புப்பாதையே வழிகாட்டியாகவும் உயிர்க்காப்பாகவும் இருந்தது. பாதையைப் பராமரிக்கும் தொழிலாளர்களுக்காகக் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்றாக அமைக்கப்பட்ட வீடுகளில் நீரும் உணவும் படுக்க இடமும் கிடைத்தன. இத்தொழிலாளர்களில் பலர் சீனர்கள். இருப்புப்பாதை 1869லேயே கண்டத்தை இணைத்திராவிட்டால், அந்நிலத்தைத் தனி ஒருவர் ஒரு சிறு பையுடன் கடந்திருப்பது அரிது.

பின்னர் யூட்டா, வயோமிங், நெப்ராஸ்கா வழியாகச் சமவெளிகளை அடைந்தார். வண்டித்தடங்கள், இருப்புப்பாதையின் ஓரங்கள், கால்வாய்க் கரைகள் எனக் கிடைத்த வழியில் எல்லாம் சென்று ஆகஸ்ட் 4, 1884 அன்று பாஸ்டன் நகரை அடைந்தார். மொத்தம் சுமார் 3,700 மைல் (ஏறத்தாழ 6,000 கி.மீ.). புறப்பட்டதில் இருந்து 103½ நாட்கள் ஆகியிருந்தன. மழை முதலிய காரணங்களால் தங்கிய நாட்களைக் கழித்தால் பயணம் செய்தவை 83½ நாட்கள். அதாவது நாளொன்றுக்குச் சராசரி 70 கி.மீ.க்குச் சற்று மேல். வழியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக நடந்தே கடந்ததை ஸ்டீவன்ஸ் மறைக்கவில்லை. அமெரிக்கக் கண்டத்தை மிதிவண்டியில் கடந்த முதல் மனிதர் இவரே.

ஐரோப்பா (1885)

குளிர்காலத்தை நியூயார்க்கில் கழித்த ஸ்டீவன்ஸ், தமது பயண அனுபவங்களை அவுட்டிங் என்ற இதழில் எழுதினார். அவ்விதழ் இவரைத் தனது சிறப்புச் செய்தியாளராக அமர்த்தி, பயணத்தைத் தொடர உதவியது. போப் நிறுவனத்தின் உரிமையாளர் ஆல்பர்ட் போப்பும் ஆதரவளித்தார். தம் வண்டியின் விளம்பரத்துக்கு இதைவிடச் சிறந்த வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருக்காது. சுரங்கத் தொழிலாளியின் தனிப்பட்ட முயற்சியாகத் தொடங்கியது, இதன் பிறகு ஒரு நிறுவனமும் ஓர் இதழும் பங்கேற்ற முயற்சியாயிற்று.

ஏப்ரல் 1885ல் கப்பலில் லிவர்ப்பூல் சென்ற ஸ்டீவன்ஸ், மே 4 அன்று அங்கிருந்து மிதிவண்டியில் புறப்பட்டார். வெண்ணிறப் படைவீரர் தலைக்கவசம் அணிந்திருந்த இவரை நூற்றுக்கணக்கானோர் கூடி வழியனுப்பினர். தாம் பிறந்த பெர்காம்ஸ்டெட் வழியாகச் சென்று, கடலைக் கடந்து பிரான்சின் தியெப் துறைமுகத்தை அடைந்தார். பிரான்ஸ், ஜெர்மனி, ஆஸ்திரியா நாடுகளின் சாலைகள் அமெரிக்காவின் வண்டித்தடங்களோடு ஒப்பிட்டால் மிகச் சிறந்தவை. ஆதலால் இப்பகுதி விரைவாகக் கடந்தது. ஹங்கேரியில் இகாலி என்ற உள்ளூர் மிதிவண்டி வீரர் சில நாட்கள் இவருடன் பயணம் செய்தார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. பின்னர் செர்பியா, பல்கேரியா வழியாகக் கான்ஸ்டான்டினோப்பிள் (இன்றைய இஸ்தான்புல்) வந்து சேர்ந்தார்.

அனத்தோலியா

கான்ஸ்டான்டினோப்பிளில் ஆரக்கால்கள், சக்கர ரப்பர் முதலிய உதிரிப் பாகங்களைச் சேகரித்துக்கொண்டு, மேலும் சிறந்த கைத்துப்பாக்கி ஒன்றையும் பெற்று, 1885 ஆகஸ்டில் ஆசியாவுக்குள் நுழைந்தார். அங்கோரா (இன்றைய அங்காரா), யோஸ்காட், சிவாஸ், எர்சுரும் ஆகியவை இவர் சென்ற வழியில் இருந்த முக்கிய ஊர்கள்.

இப்பகுதியில் கள்வர் பற்றிய அச்சத்தைவிட அன்றாடத் தொல்லையாக இருந்தது கூட்டம். இருசக்கர வண்டியை அதற்கு முன் கண்டிராத ஊர்களில், ஓட்டிக் காட்டும்படி மக்கள் மீண்டும் மீண்டும் வற்புறுத்தினர். ஊர்த் தலைவருக்காக ஒருமுறை, அவருடைய விருந்தினர்களுக்காக ஒருமுறை, பிந்தி வந்தவர்களுக்காக இன்னொருமுறை எனக் களைப்பு மிகுந்த மாலைகளிலும் ஓட்ட நேர்ந்தது. எதிரே வந்த கோவேறு கழுதைகள் வண்டியைக் கண்டு மிரண்டு சுமைகளைத் தள்ளிவிட்டு ஓடியதும் உண்டு.

அதே ஊர்களில்தான் இவருக்கு உணவும் கிடைத்தது. ரொட்டி, தயிர், சோறு என இருந்ததைப் பகிர்ந்தளித்தவர்கள் உழவர்களும் இடையர்களும் ஆவர். குர்தியர்களின் கறுப்புக் கூடாரங்களிலும் இவர் விருந்தினராகத் தங்கினார். பெரிய ஊர்களில் மறைப்பணியாளர்களும் தூதரகத்தாரும் இடமளித்தனர். தனிப்பயணம் என்று கூறப்படும் இப்பயணத்தில் இவர் வெட்டவெளியில் தனியே உறங்கிய இரவுகளைவிடப் பிறர் கூரையின் கீழ் உறங்கிய இரவுகளே மிகுதி. இவ்வளவு பெற்றும், இம்மக்களைப் பற்றி எழுதும்போது அக்கால ஐரோப்பியப் பயணிகளுக்கே உரிய ஏளனத் தொனியை ஸ்டீவன்ஸ் முற்றிலும் கைவிடவில்லை. இன்று இவருடைய நூலைப் படிப்போருக்கு இது உறுத்தலாகவே இருக்கும்.

பாரசீகம்

அராரத் மலையைக் கண்டவாறே பாரசீகத்துக்குள் நுழைந்த ஸ்டீவன்ஸ், தப்ரீஸ் வழியாக டெஹ்ரான் சென்றடைந்தார். குளிர்காலம் நெருங்கிவிட்டதால் அங்கேயே தங்கினார். மன்னர் நாசர் அல்-தீன் ஷா இவ்வண்டியைக் காண விரும்பி இவரை அழைத்தார். நகருக்கு வெளியே தோஷான் தெப்பேயில் இருந்த மாளிகை வரை மன்னரின் பரிவாரத்துடன் ஸ்டீவன்ஸ் மிதிவண்டியில் சென்றார்.

டெஹ்ரானில் இருந்து கிழக்கே செல்லும் வழி குறித்துத்தான் உண்மையான சிக்கல் எழுந்தது. ரஷ்யாவின் ஆட்சிக்குட்பட்ட துருக்கெஸ்தான், சைபீரியா வழியாகச் சீனாவை அடைவது இவருடைய முதல் திட்டம். அதற்கு ரஷ்ய அதிகாரிகள் அனுமதி மறுத்தனர். மறுப்பின் பின்னணி மிதிவண்டியோடு தொடர்புடையதன்று. மார்ச் 1885ல் பஞ்சதே என்னும் இடத்தில் ரஷ்யப் படைகளுக்கும் ஆப்கானியப் படைகளுக்கும் மோதல் ஏற்பட்டு, பிரித்தானியாவும் ரஷ்யாவும் போரின் விளிம்புக்கே சென்றிருந்தன. ஆப்கானிஸ்தானின் வடமேற்கு எல்லையை வரையறுக்கும் ஆணையம் அப்போது பணியாற்றிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் பிறந்த, பத்திரிகைக்கு எழுதுகின்ற, ஆயுதம் தாங்கிய ஒருவர் அந்த எல்லையோரமாகத் தனியே சுற்றுவதை எந்த அரசும் விரும்பியிருக்க முடியாது.

மார்ச் 10, 1886 அன்று ஸ்டீவன்ஸ் டெஹ்ரானை விட்டுப் புறப்பட்டார். மஷ்ஹத் நகருக்குச் செல்லும் யாத்திரிகர்களின் பெருவழியைப் பின்பற்றினார். இமாம் ரேசாவின் அடக்கத்தலத்தை நோக்கிப் பல்லாயிரம் மக்கள் செல்லும் அவ்வழியில், குறிப்பிட்ட இடைவெளிகளில் சத்திரங்களும் நீர்த்தொட்டிகளும் இருந்தன. ஆகவே அது பாலைநிலமாயினும் ஆளற்ற வழியன்று. மஷ்ஹத்துக்குத் தெற்கே நிலைமை மாறியது. பீர்ஜந்த் நோக்கிச் செல்லும் கொராசான் வழிகளில் ஊர்கள் குறைந்தன, நீரும் குறைந்தது. வசந்த கால வெள்ளத்தில் ஓடைகளைக் கடக்க வண்டியைத் தூக்கிச் செல்ல நேர்ந்தது. பீர்ஜந்தில் அப்பகுதியின் அமீர் இவரை வரவேற்று உபசரித்தார்.

அதற்குக் கிழக்கே, பாரசீக, ஆப்கானிய எல்லையில் இருப்பது தஷ்தே நாவுமீத். பாரசீக மொழியில் இப்பெயருக்கு நம்பிக்கையற்றோரின் பாலைவனம் அல்லது நிராசைப் பாலைவனம் என்று பொருள் கொள்ளலாம். நெவாடாவில் இருந்தது போன்ற இருப்புப்பாதையோ, மஷ்ஹத் வழியில் இருந்தது போன்ற சத்திரங்களோ இங்கு இல்லை. பயணம் முழுவதிலும் வண்டிக்கும் ஓட்டுபவருக்கும் மிகக் கடுமையான சோதனையாக அமைந்த பகுதி இதுவே எனலாம்.

ஆப்கானிஸ்தானில் தடை

பாலைவனத்தைக் கடந்து ஆப்கானிய நிலத்தில் நுழைந்த ஸ்டீவன்ஸ், ஃபரா நகரில் தடுத்து வைக்கப்பட்டார். இவரிடம் முறையான அனுமதி இல்லை. நாட்டுக்குள் வரும் ஐரோப்பியர் எவரேனும் கொல்லப்பட்டால் அதன் விளைவை அமீர் அப்துர் ரஹ்மான் கானின் அரசு சந்திக்க வேண்டியிருக்கும். எனவே உள்ளூர் அதிகாரிகளின் செயலில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இவர் சிறையில் தள்ளப்படவில்லை. உணவும் பாதுகாப்பும் அளிக்கப்பட்டு, காவலர்களுடன் வடக்கே ஹெராத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அங்கும் முன்னேற அனுமதி கிடைக்கவில்லை. இறுதியில் காவலுடன் பாரசீக எல்லைக்கே கொண்டுவந்து விடப்பட்டார்.

ஃபராவில் இருந்து காந்தகார் வழியாக, அன்று பிரித்தானியரின் கட்டுப்பாட்டில் இருந்த குவெட்டா வரை ஏறத்தாழ 600 கி.மீ. தூரமே இருந்தது. அதுவரை இவர் கடந்திருந்த தொலைவோடு ஒப்பிட்டால் இது சிறிது. சில வாரங்களில் கடந்திருக்கக்கூடிய இத்தூரத்துக்குப் பதிலாக இவர் மேற்கொண்ட வழி பின்வருமாறு: மஷ்ஹத்துக்குத் திரும்பி, காஸ்பியன் கரையை அடைந்து, கப்பலில் பாக்கு, அங்கிருந்து தொடர்வண்டியில் கருங்கடல் துறைமுகமான பதூமி, மீண்டும் கப்பலில், ஓராண்டுக்கு முன் விட்டுப் புறப்பட்ட அதே கான்ஸ்டான்டினோப்பிள், பிறகு சூயஸ் கால்வாய், செங்கடல் வழியாகக் கராச்சி, அங்கிருந்து தொடர்வண்டியில் லாகூர்.

கடல்களைக் கப்பலில் கடப்பதை உலகப் பயணத்தின் குறையாக யாரும் கொள்வதில்லை. நிலத்தில் ஏற்பட்ட இந்த இடைவெளி அவ்வாறானதன்று என்று வாதிடுவோர் உண்டு. இதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், தாமஸ் ஆலன், வில்லியம் சாக்ட்லெபன் என்ற இரு அமெரிக்க இளைஞர்கள், ஸ்டீவன்சுக்கு மறுக்கப்பட்ட ரஷ்யத் துருக்கெஸ்தான் வழியே அனுமதி பெற்று, கோபி பாலைவனத்தையும் கடந்து பீக்கிங் சென்றடைந்தனர். ஆசியாவைத் தொடர்ச்சியாகக் கடந்த பெருமையை அவர்களுக்கு அளிப்பதே முறை. ஆனால் அவர்கள் இருவர், காற்றடைத்த சக்கரங்கள் வரத் தொடங்கிய காலத்தவர், முன்னோடி ஒருவரின் நூலைப் படிக்கும் வாய்ப்பும் பெற்றிருந்தவர்கள் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

இந்தியா

லாகூரில் இருந்து கல்கத்தா வரை ஏறத்தாழ 2,000 கி.மீ. தூரத்தைப் பெரும் தலைநெடுஞ்சாலை வழியாக ஸ்டீவன்ஸ் மிதிவண்டியில் கடந்தார். அமிர்தசரஸ், தில்லி, ஆக்ரா, கான்பூர், அலகாபாத், காசி ஆகிய நகரங்கள் இவ்வழியில் அமைந்தன. கங்கர் எனப்படும் சுண்ணாம்புக் கற்களைக் கொட்டி இறுக்கிய தளமும் இருபுறமும் நிழல் மரங்களும் கொண்ட இச்சாலை, ஆசியாவில் இவர் கண்ட சாலைகளில் மிதிவண்டிக்கு மிகவும் ஏற்றது. கள்வர் பயமும் இல்லை. அரசு அமைத்த பயணியர் பங்களாக்களில் இரவு தங்க முடிந்தது. மழைக்காலத்துப் புழுக்கமும் பூச்சிகளும் காய்ச்சலுமே இங்கு இவருக்கு இடையூறாக இருந்தன. ஆக்ராவில் தாஜ் மகாலைக் கண்டார். கல்கத்தாவில் கப்பலேறியதால் தென்னிந்தியாவுக்கு இவர் வரவில்லை.

சீனாவும் ஜப்பானும்

ஹாங்காங் வழியாகக் கான்டன் நகரை அடைந்த ஸ்டீவன்ஸ், வடக்கே மெய்லிங் கணவாயைக் கடந்து ஜியாங்சி மாகாணத்தில் கான் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கினார். தென் சீனாவில் சாலைகள் என்று கூறத்தக்கவை அரிது. நெல் வயல்களுக்கு இடையே வரப்பு போன்ற, கல் பதித்த ஒற்றையடிப் பாதைகளே இருந்தன. அவற்றில் உயரமான வண்டியில் ஏறி அமர்வதே இயலாத செயலாயிருந்தது. மொழி தெரியாமையால் வழி கேட்பதும் கடினமாயிற்று.

1884–1885ல் நடந்த சீன–பிரெஞ்சுப் போரின் கசப்பு மக்களிடையே அடங்கியிருக்கவில்லை. வெளிநாட்டவர் எவரையும் பகைவராகக் கருதும் மனநிலை நிலவியது. கான் ஆற்றங்கரை நகரம் ஒன்றில் கூட்டம் இவரைக் கற்களால் தாக்கியது. உள்ளூர் அதிகாரி ஒருவர் தமது அலுவலகத்தில் அடைக்கலம் அளித்து, பின்னர் காவலுடன் படகில் ஏற்றி ஆற்றின் வழியே அனுப்பினார். அந்த அதிகாரி கதவைத் திறந்திராவிட்டால் பயணமும் பயணியும் அங்கேயே முடிந்திருக்கக்கூடும். யாங்சி ஆற்றின் கரையிலுள்ள ஜியூஜியாங்கில் இருந்து நீராவிக் கப்பலில் ஷாங்காய் சென்றார்.

நாகசாகியில் இருந்து யோக்கோஹாமா வரையிலான ஜப்பானியப் பயணம் அமைதியாகக் கழிந்தது. நல்ல பாதைகளும் தூய்மையான விடுதிகளும் இனிய மக்களும் கொண்ட நாடாக ஜப்பானை இவர் பாராட்டியுள்ளார். டிசம்பர் 17, 1886 அன்று யோக்கோஹாமாவில் பயணம் முடிந்தது. 1887 ஜனவரியில் கப்பலில் சான் பிரான்சிஸ்கோ திரும்பினார்.

தம் கணக்கின்படி சக்கரத்தில் கடந்த தூரம் சுமார் 13,500 மைல் (ஏறத்தாழ 21,700 கி.மீ.) என ஸ்டீவன்ஸ் பதிவு செய்துள்ளார். ஏறி ஓட்டியதையும் தள்ளி நடந்ததையும் இதில் துல்லியமாகப் பிரிப்பது கடினம். எவ்வாறாயினும் அந்த 50 அங்குலச் சக்கரம் ஏறத்தாழ 54 லட்சம் முறை சுழன்றிருக்க வேண்டும்.

நூலும் பிற்கால வாழ்க்கையும்

அவுட்டிங் இதழில் வெளியான கட்டுரைகள் விரிவாக்கப்பட்டு, மிதிவண்டியில் உலகைச் சுற்றி என்ற பொருள் தரும் தலைப்பில் ஆங்கிலத்தில் இரு தொகுதிகளாக 1887, 1888 ஆண்டுகளில் வெளிவந்தன. முதல் தொகுதி சான் பிரான்சிஸ்கோவில் இருந்து டெஹ்ரான் வரையிலும், இரண்டாவது டெஹ்ரானில் இருந்து யோக்கோஹாமா வரையிலும் உள்ள பயணத்தைக் கூறுகின்றன. சாலைகளின் நிலை, உணவு, விடுதி, மக்களின் உடை, வண்டியின் பழுது என அன்றாட விவரங்கள் நிறைந்தவை என்பதால், ஆசியாவின் உட்பகுதிகள் 1880களில் இருந்த நிலையை அறிய இன்றும் இவை பயன்படுகின்றன.

இப்புகழைத் தொடர்ந்து நியூயார்க் வேர்ல்ட் நாளிதழ், கிழக்கு ஆப்பிரிக்காவின் உட்பகுதியில் இருந்த ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லியைத் தேடி இவரை அனுப்பியது. இப்பயணம் பற்றிய நூல் 1890ல் வெளியானது. பின்னர் ரஷ்யாவைக் குதிரையில் கடந்து அதைப் பற்றியும் எழுதினார் (1891). இவ்விரு நூல்களும் முதல் நூல் அளவுக்கு வாசகர்களை ஈர்க்கவில்லை. அதன் பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பிய ஸ்டீவன்ஸ், வயலெட் வான்புரூ, ஐரீன் வான்புரூ ஆகிய புகழ்பெற்ற நாடக நடிகைகளின் தாயாரான பிரான்சிஸ் பார்ன்ஸ் என்ற விதவையை மணந்தார். இலண்டன் காரிக் நாடக அரங்கின் வணிக மேலாளராகவும் பணியாற்றினார். பாலைவனங்களைக் கடந்தவரின் பிற்காலம் நுழைவுச்சீட்டுக் கணக்குகளில் கழிந்தது சற்று வியப்பானதே. இலண்டனில் தமது எண்பதாம் வயதில் காலமானார்.

வண்டியின் முடிவு

ஸ்டீவன்ஸ் லிவர்ப்பூலில் இருந்து புறப்பட்ட அதே 1885ஆம் ஆண்டில்தான், ஜான் கெம்ப் ஸ்டார்லி ரோவர் என்ற பெயரில் சங்கிலியும் ஏறத்தாழச் சம அளவுச் சக்கரங்களும் கொண்ட மிதிவண்டியை இங்கிலாந்தில் வெளியிட்டார். 1888ல் டன்லப்பின் காற்றடைத்த சக்கரமும் வந்தது. எனவே இவருடைய இரண்டாவது தொகுதி அச்சேறிய காலத்தில் இவர் ஓட்டிய வகை வண்டி ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. இவரைப் பின்பற்றி உலகப் பயணம் சென்றவர்களில் பெரும்பாலோர் புதிய வகையையே பயன்படுத்தினர். அவர்களுள் பிராங்க் லென்ஸ் என்ற அமெரிக்கர், எதிர்த்திசையில் தனியே வந்து, ஸ்டீவன்ஸ் விருந்தினராகத் தங்கிச் சென்ற எர்சுரும் பகுதியில் 1894ல் காணாமல் போனார். அவர் கொல்லப்பட்டார் என்றே முடிவு செய்யப்பட்டது.

ஸ்டீவன்ஸ் உலகைச் சுற்றிய மிதிவண்டியைப் போப் நிறுவனம் பல ஆண்டுகள் பாதுகாத்து வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது போர்த் தேவைக்காகப் பழைய உலோகம் திரட்டப்பட்டபோது அது கொடுக்கப்பட்டு, உருக்கப்பட்டது.